சின்னக் கடைக்கு என்ன செய்தால் இலாபம் கூடும்? அதை எப்படி ஆராய்கிறார்கள்?

கொழும்பில் சிறுதொழில் பற்றிப் பேச்சு வந்தால் நாலு விஷயங்களில் ஒன்றாவது கட்டாயம் காதில் விழும். "கையில் காசு இல்லாததுதான் பிரச்சினை, கொஞ்சம் முதல் கொடுத்தால் மேலே வந்துவிடுவார்கள்." "இவர்களுக்குக் கணக்குவழக்குத் தெரியாது, பயிற்சி கொடுக்க வேணும்." "பதிவு இல்லாமல் ஓட்டுகிறார்கள், பதிந்தால் வளரலாம்." "நம் முதலாளிமார் நிர்வாகம் என்றால் என்னவென்று வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் படிக்க வேணும்." வங்கி விளம்பரத்திலும் வரும், மேடைப் பேச்சிலும் வரும், வெள்ளவத்தைக் கல்யாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரைக்காரர் வாயிலும் வரும். கூடவே, "ஆய்வுகளே அப்படித்தான் சொல்லுது" என்று ஒரு வாலும் ஒட்டிக்கொள்ளும்.

எந்த ஆய்வு என்று திருப்பிக் கேட்டால் அநேகமாகப் பதில் இருக்காது. ஆனால் ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. இந்த நாலையும் ஆட்கள் உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றை இலங்கையிலேயே, ஒன்றை மும்பைக்குப் பக்கத்தில். விடைகள் நாம் எதிர்பார்க்கிற மாதிரி வரவில்லை. எப்படிச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை முகாமைத்துவப் பாடம் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பாடப்புத்தகம் ஏன் போதாது

முகாமைத்துவப் பாடத்தில் வருகிற கோட்பாடுகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பியப் பெரிய நிறுவனங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. நாடுகளின் பணிக் கலாசாரத்தை எண்களால் அளந்து காட்டிய கீர்ட் ஹொஃப்ஸ்டெட்டின் புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படைத் தரவு 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே கம்பனியின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்தது. அந்தக் கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டாஞ்சேனையில் தையல் மெஷின் வைத்திருப்பவரை விளக்கப் பார்ப்பது கொஞ்சம் அதிகப்படி.

ஏனென்றால் அந்தத் தையல்காரரின் தொழிலில் மனிதவளப் பிரிவு இல்லை, கணக்காளர் இல்லை. பல நேரம் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட இல்லை. வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே லாச்சியில் கிடக்கும். பிள்ளையின் டியூஷன் காசும் அதிலிருந்துதான், நூல்கட்டை வாங்குவதும் அதிலிருந்துதான். அரச பதிவோ ஒழுங்கான கணக்கோ இல்லாமல் நடக்கும் இப்படிப்பட்ட தொழிலை முறைசாரா தொழில் என்கிறார்கள். இலங்கையில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த முறைசாராப் பகுதியில்தான் இருக்கிறார்கள். இது ஏதோ ஓரத்தில் கிடக்கிற சின்ன விதிவிலக்கு இல்லை. ஆகவே இங்கே வணிகத்தை ஆராய்வதற்குக் கேள்வியையே வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கொத்தமல்லியா, ஏழு நாளா?

தடிமன் பிடித்தால் வீட்டில் கொத்தமல்லி அவித்துத் தருவார்கள். குடிப்போம், ஏழு நாளில் தடிமன் போய்விடும். கொத்தமல்லிதான் மாற்றியதா? அதைக் குடிக்காமல் இருந்தாலும் அதே ஏழு நாளில் மாறியிருக்குமா? குடித்த ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்கவே கிடைக்காது. குடிக்காத ஒருவரும் வேண்டும். அவரும் இவரைப் போலவே இருக்க வேண்டும்.

கடனும் பயிற்சியும் அப்படித்தான். ஒரு நிறுவனம் ஐம்பது பேருக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய வருமானம் கூடியிருக்கிறது. உடனே படம் எடுத்து அறிக்கை அடித்துவிடுவார்கள். அந்த வருடம் ஊரில் எல்லோருக்குமே வியாபாரம் நன்றாக இருந்திருக்கலாம். அல்லது, வேலையை விட்டுப் பயிற்சிக்கு வந்து உட்காருகிறவர் முதலிலேயே உற்சாகமான ஆளாக இருக்கலாம். பயிற்சி இல்லாமலும் அவர் முன்னேறியிருப்பார்.

விலைவாசி இதை இன்னும் குழப்பும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மாதம் 50,000 ரூபாய் உழைத்தவர் அந்த ஓராண்டு முடிவில் 85,000 உழைத்திருந்தாலும் முன்பு வாங்கிய சாமான்களைத்தான் வாங்க முடியும், அதற்குமேல் ஒன்றுமில்லை. அறிக்கையில் மட்டும் "70 சதவீத வளர்ச்சி" என்று அழகாக இருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. செட்டியார் தெருவிலோ புறக்கோட்டையிலோ வென்ற முதலாளிமாரைப் பேட்டி எடுத்து, "விடியற்காலை எழும்புவார்கள், துணிந்து கடன் எடுப்பார்கள்" என்று வெற்றியின் இரகசியம் எழுதுவது. அதே மாதிரி விடியற்காலை எழும்பி, துணிந்து கடன் எடுத்து, கடையை இழுத்து மூடினவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவர் இப்போது அந்தத் தெருவில் இல்லை. பிழைத்து நிற்பவர்களை மட்டும் எண்ணுவதால் வரும் இந்தத் தவறை ஆய்வாளர்கள் பிழைத்தோர் சார்பு என்பார்கள்.

இதிலிருந்து தப்ப ஒரு நேர்மையான வழி, யாருக்கு உதவி கிடைக்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. இதற்கு எழுமாற்றுச் சோதனை என்று பெயர். குலுக்கலில் வந்தவர்களுக்கு உதவி கிடைக்கும். வராதவர்களைக் கட்டுப்பாட்டுக் குழு என்பார்கள். அவர்களும் தொடர்ந்து கவனிக்கப்படுவார்கள். உற்சாகக்காரரும் சோம்பேறியும், அதிர்ஷ்டசாலியும் துரதிர்ஷ்டசாலியும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுவார்கள். விலைவாசி இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் அடிக்கும். கடைசியில் இரண்டு குழுவுக்கும் இடையில் மிஞ்சுகிற வித்தியாசம்தான் உதவியின் பலன். வறுமை ஒழிப்பில் இந்த முறையைப் பரவலாக்கியதற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

சுருக்கமாக: "முன்பு, பின்பு" ஒப்பீடு ஏமாற்றும். வென்றவர்களின் கதை ஏமாற்றும். "உதவி கிடைத்தவர், அதே மாதிரி இருந்தும் கிடைக்காதவர்" ஒப்பீடுதான் தாங்கும்.

காசு கொடுத்தால் என்ன ஆகும்?

உலகம் முழுக்க இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படும் சோதனை ஒன்று நடந்தது களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில். நம்மில் பலருக்கு இது தெரியாது என்பது ஒரு வேடிக்கை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கென்சி, பொருளியலாளர் கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் சுனாமிக்கு அடுத்த சில மாதங்களில், 2005இல் தொடங்கினார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் மிகச் சின்ன ஆட்கள். காணி, கட்டடம் நீங்கலாகத் தொழிலில் போட்ட முதல் (மூலதனம்) ஒரு இலட்சம் ரூபாய்க்குள், சம்பளத்துக்கு ஆள் இல்லை. சிலர் சில்லறைக் கடை வைத்திருந்தார்கள். சிலர் ரேந்தை பின்னுவது, தும்பு வேலை, தையல், உணவுப் பண்டம் செய்வது என்று இருந்தார்கள்.

குலுக்கலில் வந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய், காசாகவோ தொழிலுக்கு வேண்டிய பொருளாகவோ கொடுத்தார்கள். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். 10,000 ரூபாய் என்பது அந்த நாளில் இப்படிப்பட்ட ஒருவருடைய ஏறக்குறைய மூன்று மாத இலாபம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

பலன்: போட்ட முதலுக்குச் சராசரியாக மாதம் 4.6 முதல் 5.3 சதவீதம் வரை இலாபம் கூடியது. வருடக் கணக்கில் பார்த்தால் 55 முதல் 63 சதவீதம். அப்போதைய வங்கி வட்டியைவிட இது மிக மிக அதிகம்.

எப்படி இவ்வளவு? கையில் காசு குறைந்தவர் துணியை ஐந்து மீட்டர், ஆறு மீட்டராகச் சில்லறை விலைக்கு வாங்குவார். ஓர்டர் வந்தாலும் துணி இல்லை என்று திருப்பி அனுப்புவார். கொஞ்சம் முதல் கிடைத்தால் கெய்சர் வீதியில் ரோலாகவே எடுக்கலாம், ஓர்டரையும் விடவேண்டியதில்லை. முதல் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் நிறைய வேலை செய்யும். முதல் பெருகப் பெருக அந்த வேகம் குறையும். உண்மையிலேயே அந்தக் காசில் தொழிலுக்குள் போட்டதில் பெரும்பகுதி மூலப்பொருளுக்கும் விற்பனைச் சரக்குக்கும்தான் போனது.

சரி, "காசுதான் பிரச்சினை" என்ற முதல் கருத்து நிரூபணமாகிவிட்டது என்று எழும்பிப் போகலாமா? அவசரப்பட வேண்டாம். ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பலன் முழுக்க ஆண்கள் நடத்திய தொழில்களில்தான் வந்திருந்தது. பெண்களின் தொழில்களில் சராசரி இலாபம் கூடவே இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அதே நிலைதான்: காசு கிடைத்த ஆண்களின் தொழில் தொடர்ந்து நடப்பதற்கான வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது, பெண்களுக்கு வித்தியாசம் இல்லை.

இதை வைத்து "பெண்களுக்குத் தொழில் நடத்தத் தெரியாது" என்று சிலர் அவசர முடிவுக்குப் போனார்கள். திறமை, கல்வி, துணிச்சல் எதை வைத்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை என்பதை ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். பிறகு 2019இல் வேறு ஒரு குழு இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை எடுத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தது. கேள்வியைக் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றினார்கள். மனைவிக்குக் கிடைத்த காசு பல வீடுகளில் புருஷனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் வேறு தொழில் இல்லாமல் பெண் மட்டும் தொழில் நடத்திய இடங்களில், அவருக்குக் கிடைத்த பலன் ஆண்களுடையதைவிடக் குறைவாக இல்லை. ஒரே லாச்சி என்று முன்னே சொன்னேனே, அந்த லாச்சியைக் கவனிக்காமல் கடையை மட்டும் அளந்ததால் வந்த குழப்பம் இது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த கதை இதுதான்: அதே எண்கள், ஆனால் எதை ஒரு அலகாக எடுப்பது என்பதை மாற்றியவுடன் அர்த்தமே மாறிவிட்டது.

இலாபம் எவ்வளவு என்று கேட்டால் யார் சொல்வார்?

மேலே சொன்னதெல்லாம், இலாபத்தை அளக்க முடியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கொப்பி வைத்துக் கணக்கு எழுதாதவரிடம் இலாபத்தை எப்படி அளப்பது? வருமான வரிக்காரரா என்ற சந்தேகம் வேறு வரும்.

பாடப்புத்தக வழி, விற்பனை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டுக் கழிப்பது. அது மோசமாகத் தவறுகிறது. இந்த மாதம் வாங்கிய சரக்கு அடுத்த மாதம்தான் விற்கும். செலவு ஒரு மாதத்திலும் வரவு இன்னொரு மாதத்திலும் விழுந்தால், கழித்துப் பார்க்கும்போது நன்றாக ஓடுகிற கடைகூட நட்டத்தில் தெரியும். இதே மூவரும் இலங்கையில் இதையும் சோதித்தார்கள். சிறுதொழில் செய்வோர் விற்பனையைச் சுமார் 30 சதவீதம் குறைத்துச் சொல்வது தெரியவந்தது. அதோடு, நீண்ட வினாக்கொத்தைவிட, "எல்லாச் செலவும் போக போன மாதம் உங்களுக்கு என்ன மிஞ்சியது?" என்று நேராகக் கேட்பதே உண்மைக்குக் கிட்ட வருகிறது என்றும் கண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு பொருமல். நம் ஊரில் முகாமைத்துவப் பட்டத்துக்கு எழுதப்படும் ஆய்வுகளில் நிறைய, வாட்சப்பில் வரும் ஒரு கூகுள் படிவத்தோடு முடிந்துவிடுகின்றன. "தலைமைத்துவம் ஊழியர் திருப்தியை உயர்த்துகிறது: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன்..." நிரப்புபவர்கள் ஆய்வாளரின் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும். அதில் தெரியவருவது, அந்த நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது. அதுவும் ஒரு தகவல்தான், மறுக்கவில்லை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடுகின்றன என்பதும் அதில் தெரியும். எது எதற்குக் காரணம் என்பது தெரியாது. தலைமை நன்றாக இருப்பதால் ஊழியர் திருப்தியாக இருக்கலாம். திருப்தியாக இருப்பவர் மேலாளருக்கும் தாராளமாகப் புள்ளி போட்டுவிட்டும் இருக்கலாம்.

பயிற்சியும் பதிவும்

இந்த இரண்டையும் அதே மூவர் சோதித்தது கொழும்பு, கண்டி வட்டாரங்களில். பயிற்சியை முதலில் பார்க்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பிரபலமான பாடத்திட்டத்தை வைத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களில் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு இலாபத்தில் மாற்றம் இல்லை. பயிற்சியோடு 15,000 ரூபாய் நன்கொடையும் பெற்றவர்களுக்கு முதல் சில மாதங்கள் நல்ல ஏற்றம் இருந்தது, இரண்டாம் வருடத்தில் அது கரைந்துவிட்டது. புதிதாகத் தொழில் தொடங்க நினைத்தவர்களுக்குத்தான் பயிற்சி உதவியது. சீக்கிரம் தொடங்கினார்கள், தொடங்கியவர்களின் இலாபமும் மேலாக இருந்தது.

பதிவு விஷயம் இதைவிடச் சுவாரசியம். பதிவு செய்வது எப்படி என்று விளக்கிச் சொன்னார்கள். பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். ஏறக்குறைய யாரும் அசையவில்லை. அப்புறம் பதிந்து வந்தால் 10,000 அல்லது 20,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். ஐந்தில் ஒருவர் அளவுக்குப் பதிந்தார்கள். 40,000 என்றபோது, அதாவது அவர்களுடைய ஏறக்குறைய இரண்டு மாத இலாபம், பாதிப் பேர் வரை பதிந்தார்கள்.

மிச்சப் பேர் ஏன் பதியவில்லை? பெரிய காரணம் பிடிவாதமோ சோம்பலோ இல்லை, காணிப் பத்திரம். தொழில் நடக்கும் இடம் தன்னுடையது அல்லது முறையாக வாடகைக்கு எடுத்தது என்று காட்ட வேண்டும். கொழும்பில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருப்பவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? கட்டணத்தைக் குறைப்பதாலோ துண்டுப்பிரசுரம் அடிப்பதாலோ இது தீராது. பதிந்தவர்களில் பெரும்பாலானோரின் வருமானமும் கூடவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் வேகமாக வளர்ந்தார்கள், அவர்களால் சராசரி மேலே போனது. சராசரி என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தவர் "பதிவு வருமானத்தைக் கூட்டும்" என்று தலைப்புப் போடலாம். பொய்யும் இல்லை. பதியப் போகும் ஆளுக்கு அநேகமாகப் பயனும் இல்லை.

இதுவரை: முதல் கொடுத்தது பலருக்கு வேலை செய்தது, ஆனால் காசு யார் வீட்டில் எந்தத் தொழிலுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து. பயிற்சி தொடங்குகிறவருக்கு உதவியது, ஏற்கெனவே நடத்துகிறவருக்குத் தனியே உதவவில்லை. பதிவின் தடை நாம் நினைத்த இடத்தில் இல்லை.

நல்ல நிர்வாகம் என்றால்?

நாலாவது கருத்துக்கு மும்பைக்குப் பக்கத்துத் துணி ஆலைகளுக்குப் போக வேண்டும். பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளில் சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். சில ஆலைகளுக்குக் குலுக்கல் முறையில் இலவசமாக நிபுணர்களை அனுப்பி 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை: தளத்தைக் கூட்டி வைப்பது, மெஷின் எப்போது ஏன் நின்றது என்று எழுதுவது, துணியில் வரும் பழுதைத் தினமும் குறிப்பது, நூல் களஞ்சியத்தில் எது எங்கே இருக்கிறது என்று பெயர் ஒட்டுவது.

முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன், அதாவது அதே ஆளையும் மெஷினையும் வைத்து எடுக்கும் உற்பத்தி, 17 சதவீதம் கூடியது. இவ்வளவு இலாபம் தரும் வேலையை முதலிலேயே ஏன் செய்யவில்லை? பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் நமக்கு இது தேவையில்லை என்று நினைத்திருந்தார்கள்.

ஆனால் மோசமாக நடத்தப்படும் ஆலையை நன்றாக நடத்தும் ஆலை ஏன் போட்டியில் விழுங்கவில்லை என்ற கேள்விக்கு வந்த விடைதான் புறக்கோட்டைக்காரருக்கு உடனே பிடிபடும். வெளி ஆளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க முதலாளி துணிவதில்லை. களவு எடுத்தால் நீதிமன்றத்தில் வழக்கு முடியப் பல வருடம். ஆகவே குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் தொழில் பெருகும். காசு மேசையில் மருமகனை உட்காரவைத்துவிட்டு இரண்டாவது கிளையைத் திறக்க இன்னொரு மருமகன் வரும்வரை காத்திருக்கும் முதலாளியை "பழைய ஆள்" என்று சிரிப்பது எளிது. நீதிமன்றம் மெதுவாக நகரும் ஊரில் அவர் செய்வது கெட்டித்தனமான கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

ஒரு ஆய்வு எங்கே நின்றுவிடுகிறது

களுத்துறையில் 2005இல் கண்டது கொழும்பில் இன்றைக்குப் பொருந்துமா? அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே சோதிக்கப்பட்டவர்கள் ஒரு இலட்சத்துக்குள் முதல் வைத்திருந்தவர்கள். மலிபன் வீதியில் கொள்கலனாகச் சரக்கு இறக்குகிற மொத்த வியாபாரிக்கு மாதம் ஐந்து சதவீதக் கணக்கைப் பொருத்தினால் பிழை. 2022க்குப் பிறகு வட்டி, இறக்குமதி, வாடிக்கையாளர் கையிலுள்ள காசு எல்லாமே மாறிவிட்டன. ஒரு இடத்துக் கண்டுபிடிப்பு இன்னொரு இடத்துக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் புறச்செல்லுபடி என்கிறார்கள். எண்ணைவிட அதன் பின்னாலுள்ள காரணம்தான் அதிக தூரம் பயணிக்கும். "63 சதவீதம்" களுத்துறையிலேயே தங்கிவிடலாம். முதல் குறைந்த இடத்தில் கூடுதல் ரூபாய் அதிகம் உழைக்கும் என்பது கிராண்ட்பாஸ்வரை நடந்து வரும்.

குலுக்கிச் சோதிக்க முடியாதவையும் உண்டு. துறைமுகத்தைக் குலுக்கிக் கொடுக்க முடியாது. நாணய மதிப்பை ஒரு தெருவுக்கு மட்டும் இறக்க முடியாது. அவற்றுக்கு வரலாறு, பேட்டி, வங்கிப் பதிவுகள் என்று வேறு வழிகள் இருக்கின்றன. கடையில் நாள்கணக்காகக் குந்தியிருந்து பார்க்கும் ஆய்வாளர் கண்டுபிடிப்பதை எந்தச் சீட்டுக் குலுக்கலும் கண்டுபிடிக்காது. காணிப் பத்திரப் பிரச்சினைகூட, ஏன் பதியவில்லை என்று ஆட்களிடம் கேட்டதால்தான் வெளியே வந்தது.

இங்கே சொன்ன ஆய்வுகளில் பலவற்றின் முதல் வடிவங்கள் உலக வங்கியின் ஆய்வுத்தாள் வரிசையில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் கணிதப் பக்கங்களைத் தாண்டிவிட்டால் வாசிக்கக் கஷ்டமில்லை. எடுத்தவுடன் முடிவுரைக்குப் போகாமல் யாரைத் தெரிவுசெய்தார்கள் என்று விளக்கும் பகுதிக்குப் போங்கள்: என்ன தொழில், எவ்வளவு முதல், எத்தனை ஆட்கள், எந்த ஊர், எந்த வருடம். உங்களுடைய கடை, அல்லது நீங்கள் கடன் கொடுக்க நினைக்கும் கடை, அந்தப் பட்டியலுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை வாசிக்கலாம்.